இரட்டை வட்டம்

என் கையெழுத்து இன்றைக்கும் கோழி கிண்டின மாதிரித்தான் இருக்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் அதைத் திருத்துவதற்கென்றுதான் என் பத்தாவது வயதில் அம்மா என்னைச் சீன எழுத்துக்கலை வகுப்பில் கொண்டுபோய்ச் சேர்த்தார். சேர்த்தது பிழை என்று இந்த நாள்வரை அவர் ஒப்புக்கொண்டதில்லை.

இதற்கெல்லாம் மூலகாரணம் உறுப்பெழுத்து என்ற சொல். அம்மா படித்த யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடத்தில் அழகாக எழுதப் பழக்குகிற அது ஒரு தனிப் பாடம். அதற்கென்று இரட்டைக் கோடு போட்ட கொப்பி, அதற்கென்று ஒரு பரிசு. அகரம் வயிறு தள்ளாமல், ழகரம் வால் சுருட்டாமல் எழுதுகிற பிள்ளை வாழ்க்கையில் முன்னேறிவிடும் என்று அங்கே யாரோ அம்மாவை நம்பவைத்துவிட்டார்கள். மொன்றியலில் பிறந்த எனக்கு அப்படி ஒரு பாடம் இருப்பதே தெரியாது. எங்கள் பிரெஞ்சுப் பள்ளியில் எழுத்துப் பிழை பார்ப்பார்களே தவிர, எழுத்தின் வயிற்றைப் பார்ப்பதில்லை.

ஆனால் ஐந்தாம் வகுப்பில் வந்த ஆசிரியை அதையும் பார்த்தார். பெற்றோர் சந்திப்பில் என் கொப்பியை விரித்துவைத்து, அடுத்த இலையுதிர்காலம் தனியார் உயர்பள்ளிகளின் நுழைவுத் தேர்வு வருகிறது, இந்தப் பிள்ளையின் விடைத்தாளை எவராலும் வாசிக்க முடியாமல் போகும் என்று வெகு நிதானமாகச் சொன்னார். வங்கியோ வைத்தியரோ பள்ளிக்கூடமோ, பிரெஞ்சில் பேசவேண்டிய எந்த இடத்திலும் அம்மா என் முதுகில் கைவைத்து முன்னே தள்ளி “நீ கதை” என்பார். அதனால் என்மீதான குற்றப்பத்திரிகையையும் நானேதான் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. இன்னும் கொஞ்சம் வடிவாய் எழுதச் சொல்கிறார் என்று சுருக்கமாக முடித்தேன். காரில் ஏறியதும் அம்மா, சோதினைத்தாளை வாசிக்க ஏலாமல் போகுமாமே என்று ஆரம்பித்தார். ஆசிரியையின் முகத்தைப் பார்த்தே பிடித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தத் தேர்வு அம்மாவுக்கு உயிர். டோர்வல் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிற இடத்தில் அவருக்கு வேலை. எட்டு மணிநேரம் குளிரூட்டிய மண்டபத்தில் நின்று, தட்டுக்கு ஒரு பாண், ஒரு வெண்ணெய், ஒரு கரண்டி என்று வைத்துவிட்டு வருவார். மகளும் வந்து பக்கத்தில் நின்று கரண்டி வைக்கக்கூடாது என்பதுதான் அவருடைய ஒரே பிடிவாதம். அந்த உயர்பள்ளிக்குப் போனால் நான் தப்பிவிடுவேன், போகாவிட்டால் கரண்டிதான். நடுவில் வேறு வழியே இல்லை என்பது போலத்தான் அவர் பேசுவார்.

அடுத்த வாரமே எங்கள் பகுதி நூலகத்தின் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் அம்மாவின் கண்ணில் பட்டது. ஒரு தூரிகைப் படமும் இரண்டு பிரெஞ்சுச் சொற்களும். சனிக்கிழமை காலை, பிள்ளைகளுக்கு இலவசம். முதல் சொல்லைக் காட்டி உதென்ன என்றார். வடிவாய் எழுதுகிறது என்றேன்.

“அப்ப உறுப்பெழுத்துத்தானே!” என்றார். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

நான் இரண்டாவது சொல்லையும் வாசித்துக் காட்டினேன். சீனமாம் அம்மா, சீன எழுத்தாம் என்றேன். அதற்கு அம்மா சொன்ன விளக்கத்தை நினைத்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. சீனர்கள் நடத்துகிற உறுப்பெழுத்து வகுப்பு என்பதுதான் அதற்கு அர்த்தமாம். என் வகுப்பில் கணக்கில் முதலாவதாக வருவது யார், சீனப் பிள்ளைதானே? அவர்கள் எதையும் ஒழுங்காகச் சொல்லிக்கொடுப்பார்களாம். அப்பாவிடம் முறையிட்டேன். அப்பா காரின் கண்ணாடியைத் துடைத்தபடி, சும்மா குடுக்கிறதை ஏன் விடவேணும் என்றார். அதோடு அவருடைய பங்கு முடிந்தது.

அந்தக் குளிர்காலம் முழுவதும் சனிக்கிழமை ஒன்பது மணிக்கு நூலகத்தின் நிலவறையில் இருந்தேன். பதின்மூன்று பிள்ளைகள். என்னைத் தவிர அனைவரும் சீனப் பிள்ளைகள். ஆசிரியைக்கு இருபத்துநாலு வயதுக்கு மேல் இராது. சீனாவிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு ஏதோ பொறியியல் படிக்க வந்தவர். ஒரு கையில் தூரிகை, மறு கையில் சுடுநீர் ஊற்றிய நூடில்ஸ் கிண்ணம், கண்ணில் தூக்கம். மற்றவர்களுடன் சீனத்தில் வெகு வேகமாகப் பேசுவார். என்னிடம் வரும்போது மட்டும் நின்று, தெரிந்த பத்துப் பிரெஞ்சுச் சொற்களைத் தேடி எடுத்து, அதில் பாதியைத் திருப்பி வைத்துவிட்டுப் புன்னகைத்துக்கொண்டு போய்விடுவார்.

முதல் நான்கு வாரமும் ஒரே ஒரு கோடு. இடமிருந்து வலமாக ஒரு கோடு. அதற்கு ஒன்று என்று அர்த்தம். வீட்டுக்கு வந்து அதைக் காட்டியபோது அம்மா தாளைத் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்தார்.

“நாலு கிழமையாய் உந்தக் கோடுதானோ? அதுவும் சரிவாயெல்லோ கிடக்கு!”

கோடு வலப்பக்கம் கொஞ்சம் ஏறித்தான் இருக்க வேண்டும், ஆசிரியை அப்படித்தான் போட்டுக் காட்டினார் என்று சொன்னேன். அம்மா கேட்கவில்லை. அடுத்த சனிக்கிழமை என் பையில், கோட்டை நேராகப் போட, ஓர் அடிமட்டம் இருந்தது. ஆசிரியை அதை எடுத்து இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, நூடில்ஸ் கிண்ணத்துக்கு மூடியாக வைத்துக்கொண்டார்.

பிறகு மனிதன் வந்தான். அந்த எழுத்துக்கு இரண்டே இழுப்பு. ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும். மனிதனுக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டால் பெரியது. அதற்கு மேலே இன்னொன்று போட்டால் வானம். எனக்கு அது மிகவும் பிடித்துப்போனது. அம்மாவுக்கு விளங்கப்படுத்தினேன். அவர் வெங்காயம் வெட்டியபடி கேட்டுவிட்டு, பிள்ளைகளைப் பேய்க்காட்டி ஏமாத்துகினம் என்று மட்டும் சொன்னார்.

அப்போதுதான் சிவப்பு வட்டங்கள் தொடங்கின. நாங்கள் எழுதும்போது ஆசிரியை சிவப்பு மை தொட்ட சின்னத் தூரிகையுடன் மேசை மேசையாக வருவார். சில எழுத்துகளைச் சுற்றி ஒரு வட்டம் போடுவார். ஒன்றும் சொல்லமாட்டார். என் தாளில் முதல் நாள் மூன்று வட்டங்கள், அடுத்த நாள் ஐந்து. பக்கத்து மேசைப் பிள்ளை என் தாளை எட்டிப் பார்த்துத் தன் நண்பியிடம் ஏதோ சொன்னாள். இரக்கப்படுகிறாள் என்று நினைத்தேன். சொல்வதெழுதலில் என் பள்ளி ஆசிரியை பிழைகளைச் சுற்றிப் போடுவதும் இதே சிவப்பு வட்டம்தான். அம்மாவின் பள்ளிக்கூடத்திலும் சரி என்றால் ஒரு கீறல், பிழை என்றால் ஒரு வட்டம். உலகத்தில் வேறு எதற்கும் வட்டம் போடமாட்டார்கள் என்பதில் எங்கள் இருவருக்கும் ஒரு துளி சந்தேகமும் இருக்கவில்லை. அவரும் நானும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான், அதிலும் பிழை.

அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஒவ்வொரு வட்டத்துக்கும் ஐம்பது தரம். குசினி மேசையில், கோடு போட்ட கொப்பியில், நீலக் குமிழ்முனைப் பேனாவால். தூரிகையில் அழுத்தினால் தடித்து, விட்டால் மெலிந்து வருகிற மனிதன், பேனாவில் எழுதும்போது முறிந்த இரண்டு ஈர்க்குகளாக நிற்பான். ஐம்பது சோடி ஈர்க்கு. ஐந்து வட்டமென்றால் இருநூற்றைம்பது. பின்னேரம் பள்ளியால் வந்து நான் எழுத, அம்மா வேலைச் சீருடையைக்கூட மாற்றாமல் முன்னால் இருந்து எண்ணுவார். ஓர் எழுத்தும் அவருக்குத் தெரியாது. ஆனாலும் இது வடிவில்லை, அழி, திருப்பி எழுது என்பார். என்னத்தை வைத்துச் சொல்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். எழுத்தெண்டால் எழுத்துத்தானே, வடிவு தெரியாதோ என்றார்.

வட்டங்கள் குறையவில்லை. ஏறிக்கொண்டே போயின. எழுத எழுதப் பிழை கூடுகிற பிள்ளையை அம்மா எங்கேயும் கேள்விப்பட்டதில்லையாம். அவருக்குக் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் வந்தது. அது எனக்குக் கோபமாகத்தான் தெரிந்தது.

ஒரு சனிக்கிழமை என் பொறுமை போய்விட்டது. அன்றைக்குப் பெரிய தாள் தந்திருந்தார்கள். வலப்பக்கத்திலிருந்து மூன்று நிரல்கள், மேலிருந்து கீழாக. முதல் நிரலில் நான்கு மனிதர், இரண்டாவதில் நான்கு பெரியது, மூன்றாவதில் நான்கு வானம். இரண்டு நிரல் முடித்திருந்தேன். ஆசிரியை சிவப்புத் தூரிகையோடு வருவதைக் கண்டதும் இரண்டு கையாலும் தாளை மறைத்துக்கொண்டு, தயவுசெய்து எனக்கு வட்டம் வேண்டாம் என்று பிரெஞ்சில் கெஞ்சினேன். அவருக்கு விளங்கவில்லை. விரலால் காற்றில் வட்டம் போட்டுக் காட்டி, இல்லை, இல்லை, எனக்கு வேண்டாம் என்றேன். கண்ணும் கலங்கியிருக்க வேண்டும்.

இப்போது விளங்கிவிட்டது. அவர் முகம் கனிந்துபோனது. என் தலையைத் தடவினார். வகுப்பைப் பார்த்துச் சீனத்தில் ஏதோ நீளமாகச் சொன்னார். பன்னிரண்டு பிள்ளைகளும் திரும்பி என்னை மரியாதையாகப் பார்த்தார்கள். பிறகு என் கைகளை மெல்ல விலக்கிவிட்டு, எட்டு எழுத்துக்கும் வட்டம் போட்டார். ஒவ்வொன்றுக்கும் ஒரு வட்டம் போட்டு, அதைச் சுற்றி இன்னொரு வட்டமும் போட்டார்.

அந்தப் பதினாறு வட்டங்களையும் பார்த்துக்கொண்டு நான் மூன்றாவது நிரலை எழுத வேண்டியிருந்தது. இரட்டை வட்டத்துக்கு நூறு தரம் என்றால் எட்டு எழுத்துக்கு எண்ணூறு. கை நடுங்கியது. தூரிகை தாளைத் தொட்டும் தொடாமலும் போனது. மூன்றாவது வானம் ஒரு பக்கம் சரிந்தது, நான்காவது பாதியிலே நின்றது. அந்த நிரலுக்கு ஆசிரியை ஒன்றும் போடவில்லை.

அம்மா தாளைப் பார்த்தவுடன் தொப்பென்று கதிரையில் இருந்துவிட்டார். “இரட்டை வட்டமோ!” என்றார். அப்படி என்னதான் எழுதினாய் என்று கேட்டார். எண்ணூறு எழுதி முடியப் புதன்கிழமையாகிவிட்டது. எழுதிக்கொண்டே, சீனர்களையும் தமிழர்களையும் உறுப்பெழுத்தையும் ஒரே மூச்சில் வெறுத்தேன்.

அதற்குப் பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். எந்த எழுத்துக்கு வட்டம் விழுகிறது என்று பார்த்து, அப்படி எழுதாமல் விட்டுவிட்டால் தொல்லை தீர்ந்தது. என்னுடைய தாளை மட்டுமல்ல, பன்னிரண்டு பேருடைய தாள்களையும் உற்றுப் பார்த்தேன். மெதுமெதுவாகப் பிடிபட்டது. தயங்காமல் தாளில் இறங்கிய கோட்டுக்கு வட்டம். மை தீர்ந்து நடுவில் வெள்ளை வெள்ளையாகக் கிழிந்தாலும் நிற்காமல் போய்ச் சேர்ந்த கோட்டுக்கு வட்டம். மனிதனின் இரண்டு கால்களுக்கும் நடுவில் காற்று வந்துபோக இடம் விட்டிருந்தால் வட்டம். ஒருமுறை போட்ட கோட்டின்மேல் திரும்பவும் மை தடவி அழகாக்கியிருந்தால் வட்டமே இல்லை, ஆசிரியையின் புருவம் மட்டும் சுருங்கும். இரண்டே கிழமையில், ஒரு தாளைப் பார்த்தவுடனேயே எங்கெங்கே வட்டம் விழும் என்று என்னால் சொல்ல முடிந்தது. அந்த நிலவறையில் நல்ல எழுத்தை என்னளவு கவனித்துப் பார்த்த பிள்ளை வேறு இருந்திருக்காது. அவ்வளவும் அதை எழுதாமல் விடுவதற்காக.

நான் வேண்டுமென்றே சவசவவென்று எழுதத் தொடங்கினேன். கோட்டைத் தயங்கித் தொடங்கி, போட்டதன்மேல் திருப்பித் தடவி, இடைவெளியை அடைத்து எழுதினேன். வட்டங்கள் ஐந்தாகி, இரண்டாகி, ஒன்றுமில்லாமல் போயின. ஆசிரியை என் மேசையருகே நின்று, நூடில்ஸையும் மறந்து, என் கையைப் பிடித்துப் பார்த்தார், சுளுக்கோ என்று. ஆனால் வீட்டில் திருவிழா. வட்டமே இல்லாத முதல் தாளைப் பார்த்த கையோடு அம்மா கடைக்குப் போய் ஆட்டிறைச்சி ரோல்ஸ் வாங்கிவந்தார்.

“பாத்தியே, எழுத எழுதத் திருந்தீட்டுது” என்றார்.

நான் நான்கு ரோல்ஸ் சாப்பிட்டேன். பிறகு கொஞ்சம் அழுகை வந்தது. ஏனென்று எனக்குத் தெரியவில்லை. கைக்கு நன்றாக வருகிற ஒன்றை வாரா வாரம் கையைப் பிடித்து நிறுத்தி வைப்பதில் ஒரு சோர்வு இருந்தது, அதை யாரிடமும் முறையிட முடியவில்லை.

ஜூன் மாதம் வகுப்பு முடிந்தது. எங்கள் தாள்களையெல்லாம் ஆசிரியை கேட்டு வாங்கியிருந்தார். கடைசிச் சனிக்கிழமை ஒவ்வொருவருடைய தாள்களிலும் ஒன்றைத் தெரிந்தெடுத்து நிலவறைச் சுவரில் தொங்கவிட்டுப் பெற்றோரை அழைத்தார். அம்மா வேலைக்கு அரைநாள் லீவு போட்டார். கல்யாணவீட்டுக்கு உடுக்கிற பச்சைச் சுடிதாரைப் போட்டுக்கொண்டு, தலையில் எண்ணெய் வைத்து வாரி, திருந்திவிட்ட மகளின் எழுத்தைப் பார்க்க வந்தார்.

சுவரின் நடுவில் என்னுடைய தாள். அந்தத் தாள். எட்டு எழுத்துக்கு இரட்டை வட்டம் போட்ட, புதன்கிழமைவரை எண்ணூறு எழுதவைத்த அதே தாள். மற்றப் பிள்ளைகளுடைய தாள்களில் மூன்று வட்டம், நான்கு வட்டம். என்னுடையது மட்டும் தூரத்திலிருந்தே சிவப்பாகத் தெரிந்தது.

அம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. ஒரு சீனத் தாய் அம்மாவிடம் வந்து, என் தாளையும் என்னையும் காட்டிப் பெருவிரலை உயர்த்தினார். நக்கலடிக்கிறார் என்று அம்மா நினைத்திருக்க வேண்டும். விறுவிறுவென்று நடந்துபோய், ஒரு கதிரையை இழுத்துப்போட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி, தாளைச் சுவரிலிருந்து கழற்றினார். ஆசிரியை ஓடிவந்தார். அம்மா கதிரையில் நின்றபடியே என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“இத்தினை நல்ல தாள் இருக்க, பிள்ளையின்ர பிழையளை ஏன் ஊருக்குக் காட்டுறா எண்டு கேள் அவவை.”

கேட்டேன். வேறு என்ன செய்வது, அதுதானே என் வேலை. ஆசிரியைக்கு ஒன்றும் புரியவில்லை. பிழை என்ற சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். அப்போது பக்கத்து மேசைப் பிள்ளையின் தகப்பன் முன்னுக்கு வந்தார். தடித்த கண்ணாடி போட்ட, பிரெஞ்சு நன்றாகப் பேசுகிற மனிதர். விஷயத்தைக் கேட்டுவிட்டு என்னிடம் பொறுமையாக விளங்கப்படுத்தினார். சிவப்பு வட்டம் என்றால் இது நல்ல எழுத்து என்று அர்த்தம். இரட்டை வட்டம் என்றால் மிக மிக நல்ல எழுத்து. வட்டமே வேண்டாம் என்று சொன்ன அடக்கமான பிள்ளை நீதானா, என் மகள் வீட்டில் சொன்னாள் என்றார்.

கொப்பி கொப்பியாக எழுதிக் கிழித்தது எல்லாம் நான் நன்றாக எழுதியவற்றைத்தான் என்று விளங்க ஒரு நிமிடம் பிடித்தது. அம்மாவிடம் அப்படியே சொன்னேன். கத்திச் சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன்.

அம்மா கதிரையைவிட்டு இறங்கவில்லை. “எங்கடை மனம் நோகக்கூடாதெண்டு சொல்லினம்” என்றார்.

இதற்கு மேல் என்ன செய்வது? அந்த இடத்தில் அழுதுவிட்டேன். துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில். ஆறு மாதம் நூலகத்தின் நிலவறையில் இருந்தது நான். எண்ணூறு எழுதியது நான். உண்மை வந்து முன்னால் நிற்கும்போதும் அதை வாசலிலேயே மறித்து வைத்திருக்கிற இந்த மனுஷியை என்னதான் செய்வது?

அந்த மனிதருக்கு எங்கள் மொழி தெரியாது, ஆனால் அம்மா நம்பவில்லை என்பது தெரிந்துவிட்டது. அம்மாவின் கையிலிருந்த தாளைக் கேட்டு வாங்கிச் சுவரில் வைத்துப் பிடித்துக்கொண்டார். எழுதியிருப்பது என்ன என்பதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. மறு கையின் சுட்டுவிரலைத் தாளுக்கு முன்னால் காற்றில் வைத்து, முதல் மனிதனின் மேல் நுனியில் தொடங்கி, என் தூரிகை போன வழியே போனார். நான் அழுத்திய இடத்தில் அவருடைய தோள் இறங்கியது. நான் தூக்கிய இடத்தில் அவருடைய மணிக்கட்டு எழும்பியது. நான் சில மாதங்களுக்கு முன்னால் எழுதியதை அவர் திரும்பவும் எழுதிக்கொண்டிருந்தார், மையில்லாமல். எங்கள் ஊரில் இப்படித்தான் பார்ப்போம் என்றார். மேலே தடவித் திருத்த முடியாத எழுத்து இது. எழுதியவர் எப்படி இருந்தாரோ அது அப்படியே இருந்துவிடும்.

பிரெஞ்சில் அவர் சொல்லச் சொல்ல நான் அம்மாவுக்குச் சொன்னேன். இந்த இடத்தில் பிள்ளை சந்தோஷமாக இருந்திருக்கிறாளாம். இந்த இடத்தில் மை முடிந்துபோனதாம், ஆனால் அவள் கவலைப்படவில்லையாம். இந்தக் குறுக்குக்கோடு விளையாடிக்கொண்டு போகிறதாம். அம்மா கதிரையிலிருந்து இறங்கிக் கிட்டவந்து பார்த்தார். அவருடைய பார்வையும் அந்த விரலோடு போனது.

மூன்றாவது நிரலுக்கு வந்ததும் அந்த மனிதரின் கை நின்றுவிட்டது. முதல் வானத்தின்மேல் விரலை வைத்து, எடுத்து, மறுபடியும் வைத்தார். இரண்டாவதுக்குப் போனார். நான்காவதில், நான் பாதியில் விட்ட இடத்தில், அவருடைய விரலும் பாதியில் நின்றது. குரலைத் தணித்து, இங்கிருந்து இவளுக்குப் பயம் என்றார். எட்டு எழுத்துவரை இல்லை, வானத்துக்கு வந்தபோது பயந்துவிட்டாள், எதற்கு என்று தெரியவில்லை. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

பிரெஞ்சில் பயத்துக்குச் சொல்கிற சொல், காதுக்குக் கிட்டத்தட்ட ‘பேர்’ என்றுதான் கேட்கும். அதை அவர் இரண்டு தரம் சொன்னார். நான் அம்மாவுக்கு ஒன்றும் சொல்லவில்லை. என்னத்தைச் சொல்வது? அம்மா, உங்களுக்குப் பயந்துதான் என் கை நடுங்கியது என்று, அந்தச் சனத்துக்கு நடுவில், பச்சைச் சுடிதாரோடு வந்து நிற்கிறவரிடம் சொல்லமுடியுமா?

“என்னவாம்?” என்றார் அம்மா. “பேர் எண்டு ஏதோ சொன்ன மாதிரிக் கிடந்தது?”

“என்ர பேரைக் கேக்கிறார் அம்மா” என்றேன்.

அம்மா என்னைப் பார்த்தார். பிறகு கடைசி நிரலைப் பார்த்தார், கொஞ்ச நேரம். அதன்பின் அந்த மனிதரின் பக்கம் திரும்பி, என் பெயரை ஒவ்வோர் எழுத்தாகப் பிரித்து, தெளிவாகச் சொன்னார். இரண்டு தரம் சொன்னார். கேட்காத கேள்விக்கு வந்த பதிலை அந்த நல்ல மனிதர் தலையாட்டி ஏற்றுக்கொண்டார்.

அதற்குப் பிறகு அம்மா அந்தத் தாளை அவரிடமிருந்து வாங்கி, கதிரையில் திரும்பவும் ஏறி, கழற்றிய இடத்திலேயே தன் கையால் மாட்டினார். நேராக இருக்கிறதா என்று என்னைக் கேட்டார். சரி என்றேன். ஆசிரியையின் கையைப் பிடித்து ‘மெர்சி’ என்றார். பெரிய கண்டத்திலிருந்து தப்பிவிட்டேன் என்று, வீட்டுக்குப் போகும்போது காரின் பின் இருக்கையில் நான் சந்தோஷமாக இருந்தேன்.

அதோடு ஐம்பது தரம் எழுதுவது நின்றுபோனது. வட்டத்துக்கு மட்டுமல்ல, எதற்குமே. சொல்வதெழுதலில் பதினொரு பிழை விட்டுவந்த நாளிலும் அம்மா கொப்பியை மூடித் தந்துவிட்டுத் தேத்தண்ணீர் போடப் போனார். ஒருவழியாக வட்டத்தின் அர்த்தத்தை ஒப்புக்கொண்டுவிட்டார் என்று நினைத்தேன். இலையுதிர்காலத்தில் நுழைவுத் தேர்வு எழுதினேன், சித்தியடைந்தேன். விடைத்தாளைத் திருத்திய புண்ணியவான் எப்படி வாசித்தாரோ தெரியாது. இன்றைக்கும் யாராவது என் படிப்பைப் பற்றிக் கேட்டால், எல்லாம் அந்த உறுப்பெழுத்து வகுப்புத்தான் என்று அம்மா கூசாமல் சொல்வார். நான் வாயைத் திறப்பதில்லை. திறந்து என்ன பயன்?

போன குளிர்காலம் தம்பியின் மனைவி யாழ்ப்பாணத்திலிருந்து வந்தாள். புதிதாக வந்தவர்களுக்கான பிரெஞ்சு வகுப்பில் அவளைச் சேர்க்க நான் கூடப் போனேன். முதல் நாளென்பதால் பின் வரிசையில் என்னையும் இருக்கவிட்டார்கள். ஆசிரியை வயிற்றைத் தடவி ஒரு வசனம் சொன்னார், எனக்குப் பசிக்கிறது. தோளைக் கட்டிக்கொண்டு ஒரு வசனம், எனக்குக் குளிர்கிறது. பிறகு கண்ணை விரித்து, இரண்டு கையையும் வாயில் வைத்து மூன்றாவது வசனம். அறையில் இருந்த இருபது பேரும் அதைச் சேர்ந்து சொன்னார்கள்.

தம்பியின் மனைவி என் பக்கம் சாய்ந்தாள். “பேர் எண்டால் இஞ்சை பயமோ மச்சாள்?”

ஓம் என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. இந்த ஊருக்கு வருகிற எல்லோருக்கும் முதல் கிழமை சொல்லித்தருகிற மூன்று வசனம். நான் பிறப்பதற்கு முன்னால், என்னை வயிற்றில் வைத்துக்கொண்டு, அம்மா பத்து மாதம் இதே மாதிரி ஒரு வகுப்பில் இருந்து படித்தவர். அது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். தெரிந்தும், அம்மாவுக்குப் பிரெஞ்சு ஓடாது என்று வங்கியிலும் வைத்தியரிடமும் அவருக்காகப் பெரிய மனுஷிபோலக் கதைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

அன்று பின்னேரம் நேரே அம்மாவிடம் போனேன். அவர் போஞ்சிக்காய் முறித்துக்கொண்டிருந்தார். அந்தச் சீன மனிதர் சொன்னது உங்களுக்கு அப்போதே விளங்கியதா என்று கேட்டேன். எந்தச் சீன மனிதர் என்று அவர் கேட்கவில்லை. போஞ்சியிலிருந்து கண்ணையும் எடுக்கவில்லை.

“நீ பேரெண்டு சொன்னாய். நான் பேரைச் சொன்னன்” என்றார். “வேறை என்னத்தைச் சொல்லச் சொல்லுறாய்?”